ஷோமெய் எத்தனை முறை மணி அடித்தான்

ஹச்சினோஹே
1997 பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள சிஹாருவுக்கு,

தோக்கியோவில் பிளம் பூத்துவிட்டதாக டிவியில் காட்டினார்கள். இங்கே நான் இன்னும் வாசல் பனியைத் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவனே பஸ்ஸைத் தவறவிடுகிறான் என்றால் நீ சிரிப்பாய். அம்மாவின் முழங்கால் கொஞ்சம் தேவலை. மாடிப்படியைத் திட்டுவது மட்டும் குறையவில்லை. நான் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அறைக்கு ஹீட்டர் வாங்கினாயா? போன கடிதத்தில் இரண்டுக்குமே பதில் இல்லை.

நேற்று நம் வட்டம் கூடியது. பதினோரு வருஷமாகப் புதன்கிழமை ஏழு மணிக்கு அவரவர் வீட்டில் டிவி முன்னால் 'பத்துத் திசைக் காவலர்கள்' அனிமே தொடர் பார்க்க உட்காரும் அதே கூட்டம், அதே காபிக் கடை, அதே சண்டை. நீ போனதிலிருந்து எட்டுப் பேர். தொடரில் எந்தக் காவலன் பெரிய பலசாலி என்கிற கோடைகாலப் பலப்பட்டியல் தயாராகிறது. சுமோ மல்லர் பட்டியல் மாதிரியேதான்: கிழக்கு ஒரு பக்கம், மேற்கு ஒரு பக்கம், உச்சியில் ரெய்கோகுவின் பெயர் கட்டைவிரல் தடிமனில். கீழே போகப் போக எழுத்து சிறுத்து, பதினாலாவது வரியில் நம் ஷோமெய் எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறான். நான் எழுந்து ஆட்சேபம் சொன்னேன்.

"ஷோமெய்யா? மணி ஆட்டுறவனாச்சே அவன்" என்றார் ஒரிடோ. பொய்ப்பல் செய்கிற மனுஷருக்கு வாய் மட்டும் நிஜமாகவே நீளம். "ரெய்கோகு முன்னாடி ஒரு நிமிஷம் தாங்குவானா?"

"தாங்குவான். ஜெயிப்பான்."

"எப்படிங்க?"

"எழுதித் தர்றேன்."

"எழுதுங்க, எழுதுங்க. பதினோரு வருஷமா எழுதித்தான் அவன பதினாலாவது எடத்துல வச்சிருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நம் வட்டத்தின் விதிப்படி எழுத்தில் வராத வாதம் செல்லாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். கோடைப் பட்டியலுக்குத்தான் அதை எடுத்து வீசப் போகிறேன். அதுவரை உனக்கு மட்டும்.

ஷோமெய்யின் மணியோசை காதில் விழுந்தவனுக்கு, ஓசை அடங்கும் வரை மூச்சு வராது. ரெய்கோகுவின் கண்ணாடிக் கவசம் எந்த அடியையும் அடித்தவனுக்கே திருப்பிவிடும். அதனால் ஷோமெய் மணி அடித்தால் அவனுக்கே மூச்சு முட்டும் என்பது ஊர் உலகத்தின் கட்சி. சரி. கவசம் அடியைத் திருப்புமே தவிர ரெய்கோகுவின் காதை அடைக்காது. இரண்டு பேருக்கும் மூச்சு நிற்கும். ஆனால் ஷோமெய்க்குக் காதே கேட்காது என்றால்?

இடது காது 96ஆவது வாரம் வெடிவிபத்தில் போனது, அது எல்லோருக்கும் தெரியும். 203ஆவது வாரத்தைப் போட்டுப் பார். வலது பக்கம் பின்னாலிருந்து நண்பன் கூப்பிடுகிறான். ஷோமெய் திரும்பவில்லை. சுவரில் நிழல் விழுந்த பிறகுதான் திரும்புகிறான். எட்டு நொடி. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடத்தில் வீடியோ நாடா தேய்ந்து கோடு விழும் அளவுக்குப் பார்த்துவிட்டேன்.

நீ என்ன சொல்கிறாய்? ஓட்டை இருந்தால் இப்போதே காட்டு. அம்மா உன்னைக் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்ளச் சொல்கிறாள்.

உன் அண்ணன்
நோரிமிச்சி

---

தோக்கியோ, நெரிமா
பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

பூத்த பிளம் நேற்றைய காற்றில் பாதி உதிர்ந்துவிட்டது. ஹீட்டர் வாங்கிவிட்டேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், கழுத்துக்குத் துணியும் உண்டு. மூன்றையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்கு இருமல் விட்டதா? அதை நீங்கள் எழுதுவதே இல்லை.

ஷோமெய் விஷயம் படித்தேன். நீங்கள் சொல்வது சரி. ஓட்டை எதுவும் தெரியவில்லை. 203ஆவது வாரத்தில் அந்த எட்டு நொடி முன்பாதியில் வருகிறதா, விளம்பரத்துக்குப் பிறகா? அதை மட்டும் எழுதுங்கள்.

எழுதுபொருள் மொத்தக் கடையில் வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், வேலை நெரிக்கிறது. அதனால்தான் சின்னக் கடிதம். அம்மாவுக்கு இரண்டு தேநீர்க் கிண்ணம் தனியாக அனுப்பியிருக்கிறேன். உடையாமல் வர வேண்டும்.

தங்கை
சிஹாரு

---

ஹச்சினோஹே
மார்ச் 30

அன்புள்ள சிஹாருவுக்கு,

இங்கே கூரைப் பனி உருகிச் சொட்டத் தொடங்கிவிட்டது. இருமல் போய்விட்டது. கிண்ணங்கள் முழுசாக வந்தன. அம்மா ஒன்றைத்தான் எடுத்திருக்கிறாள், மற்றது நீ வரும்போதாம். அந்த எட்டு நொடி விளம்பரத்துக்குப் பிறகு வருகிறது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

முதலாவது. நீயும் நானும் பதினோரு வருஷமாக இந்தத் தொடரைப் பற்றிச் சண்டை போடுகிறோம். ரெய்கோகுவின் உயரத்துக்காக நீ என்னோடு பத்து நாள் பேசாமல் இருந்திருக்கிறாய். என் வாழ்நாளின் மிகப் பெரிய வாதத்தை எழுதி அனுப்பினால் 'சரி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். நீ என் வாதத்தை ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. உடம்புக்கு ஏதாவதா, இல்லை வேறு ஏதாவதா?

இரண்டாவது. கிண்ணங்களுக்கு இடையே திணித்திருந்த வெள்ளைத் தாள்களில் ஒன்றில், அடி ஓரமாக மூன்று துளை இருந்தது. நடுவில் வட்டத் துளை, இரு பக்கமும் நீளத் துளை. இந்த மாதிரித் தாளை நான் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அனிமே மாதப் பத்திரிகையில் படம் வரைகிற மேஜையின் புகைப்படம் போடுவார்களே, அதில். உங்கள் மொத்தக் கடையில் இதையும் விற்கிறீர்களா? கடையின் பெயர் என்ன? ஒரு வருஷமாகியும் நீ எழுதவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அண்ணன்
நோரிமிச்சி

---

ஹச்சினோஹே
ஜூலை 4

சிஹாருவுக்கு,

மார்ச் கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. மே மாதம் ஒரு டப்பா பிஸ்கட்டும் அம்மா பெயருக்கு ஒரு துண்டுச் சீட்டும் வந்தன. அம்மா நலம். மழைக்காலம் என்பதால் முழங்கால் மறுபடி முனகுகிறது. உனக்கு நலம் என்றே நினைக்கிறேன்.

புதன்கிழமை பார்த்திருப்பாய். ரெய்கோகு முன்னால் ஷோமெய் வந்து நிற்கிறான். பின்னாலிருந்து கத்துகிறார்கள், அவன் திரும்பவில்லை. சுவரில் நிழல் விழுகிறது, திரும்புகிறான். 'இவனுக்கு இரண்டு காதும் கேட்காது' என்று ரெய்கோகுவே கண்டுபிடிக்கிறான். கவசம் அடியைத் திருப்புமே தவிர காதை அடைக்காது என்று கதைசொல்லியின் குரல் சொல்லிற்று. என் வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை.

நேற்று மாலை வட்டத்தில் நான் வாயைத் திறந்தேன். இதை நான் பிப்ரவரியிலேயே எழுதிவிட்டேன் என்றேன்.

"யாருக்கு எழுதினீங்க?" என்று ஒரிடோ கேட்டார்.

"வீட்ல ஒருத்தருக்கு."

"படம் வந்த மறுநாள் நானுந்தான் அப்பவே சொன்னேன்னு சொல்லலாம். எழுத்துல வந்துச்சா? எங்க தாளு?"

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பொய்யன் என்று சிரித்தார்கள். பட்டியலில் ஷோமெய்யை இரண்டாவது இடத்துக்கு ஏற்றினார்கள். காரணம் என்கிற இடத்தில் 'ஜூலை 2 ஒளிபரப்பு' என்று போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றேன். அம்மா கேட்டாள், "பொம்மப் படத்துக்காகவாடா சாப்பிடாம இருக்க?" ஆமாம் என்றேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது.

உலகத்தில் அந்த வாதம் இரண்டே இடத்தில் இருந்தது. ஒன்று என் தலை, இன்னொன்று உன் மேஜை. நான் எதுவும் கேட்கவில்லை. நீயாக ஏதாவது சொல்லலாம்.

நோரிமிச்சி

---

நெரிமா
ஜூலை 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

புழுக்கம் தாங்கவில்லை, ஜன்னலைத் திறந்தால் கொசு. பதில் எழுதாதது பெரிய தப்பு, மன்னியுங்கள். எழுத உட்கார்ந்ததும் வேலை இழுத்துக்கொண்டது. அம்மாவின் முழங்காலுக்குச் சூடு ஒட்டுத்துணி அனுப்புகிறேன். அவள் ஒட்டிக்கொள்ள மாட்டாள், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை நானும் பார்த்தேன். உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் கண்டுபிடித்தது சரி என்று ஜப்பான் முழுவதும் தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கு ஒரே யோசனை தோன்றக் கூடாதா? ஒரிடோ சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவருக்கு 203ஆவது வாரம் ஞாபகமே இருந்திருக்காது. அந்தத் தாள், வாடிக்கையாளர் யாரோ திருப்பிக் கொடுத்த கழிவு.

ஒன்று கேட்கிறேன், சும்மா ஆசைக்குத்தான். ஷோமெய் இதுவரை எத்தனை முறை மணி அடித்திருக்கிறான்? நூற்றெட்டாவது அடியில் மணி உடையும், அதோடு அவன் உயிரும் போகும் என்பது முதல் வாரமே வைத்த விதி. நாம் நோட்டில் ஐந்து ஐந்து கோடாகப் போட்டு எண்ணுவோமே, அந்த நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது. திரைக்கு வெளியே ஓசை மட்டும் கேட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது.

தங்கை
சிஹாரு

---

ஹச்சினோஹே
ஜூலை 20

மதிப்புக்குரிய ஒரிடோ ஸானுக்கு,

வெயில் காலத்தில் குடும்பத்தார் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இத்துடன் உள்ள உறையைப் பிரிக்காமல் உங்கள் பட்டறை மேஜையில் பூட்டி வையுங்கள். ஷோமெய்யின் அடிக்கணக்கை டிவியில் என்றைக்குச் சொல்கிறார்களோ, மறுநாள் வட்டத்தில் எல்லோர் முன்னாலும் பிரியுங்கள். எழுத்தில் எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா, இதோ எழுத்து.

தங்கள்
நோரிமிச்சி

(ஒட்டிய உறைக்குள்)

ஷோமெய் இதுவரை அடித்தது 104. என் நோட்டில் வாரம் வாரியாக இருக்கிறது, நான்கு முறை சரிபார்த்தேன். இன்று தோக்கியோவில் உள்ள ஒருவருக்கு வேண்டுமென்றே 106 என்று எழுதுகிறேன். 106 என்பது தப்பு, உலகத்தில் எவரும் எண்ணி அந்த எண்ணுக்கு வர முடியாது. அது டிவியில் வந்தால் என் கடிதத்திலிருந்துதான் போயிருக்க வேண்டும். பிப்ரவரி வாதமும் அப்படித்தான் போனது என்று அப்போது ஒப்புக்கொள்ளுங்கள்.

வராவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு வீட்டுக் கடிதத்தில் ஒரு தப்பான எண், அவ்வளவுதான்.

தங்கள்
நோரிமிச்சி

---

ஹச்சினோஹே
ஜூலை 20

அன்புள்ள சிஹாருவுக்கு,

ஒட்டுத்துணி வந்தது. அம்மா இரண்டு நாள் ஒட்டிக்கொண்டாள், மூன்றாம் நாள் பூனை மேல் ஒட்டிவிட்டாள். எல்லோரும் நலம், பூனை உட்பட.

நீ கேட்ட கணக்கு: 106.

அண்ணன்
நோரிமிச்சி

---

நெரிமா
ஆகஸ்ட் 10 (அஞ்சலட்டை)

அண்ணா,

வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னோர் திருநாளுக்கு வர முடியவில்லை, அப்பாவின் சமாதியில் என் பங்குக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு சந்தேகம். 106 என்பது சரிதானே? என் ஞாபகத்தில் இரண்டு குறைகிறது. அவசரமில்லாமல் இன்னொரு முறை பார்த்து எழுதுங்கள்.

சிஹாரு

---

ஹச்சினோஹே
ஆகஸ்ட் 17 (அஞ்சலட்டை)

சிஹாரு,

அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. எல்லோரும் நலம். நான் என்றைக்குத் தப்பாக எண்ணியிருக்கிறேன்?

நோரிமிச்சி

---

ஹச்சினோஹே
நவம்பர் 30

சிஹாருவுக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் நீ நலமா?

புதன்கிழமை ரெய்கோகு செத்தான். ஷோமெய்யும் செத்தான். மணி தூக்கும்போது கதைசொல்லி எண்ணினார். நூற்றேழு. ரெய்கோகு மூச்சின்றி மண்டியிட்டான். நூற்றெட்டு. மணி உடைந்தது. அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்று பார்த்தாள். "பாவம்டா அந்தப் பையன்" என்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் எழுந்திருக்கவே இல்லை.

நூற்றேழு என்றால் அதற்கு முன் நூற்றாறு. அந்த 106 என்னுடையது, சிஹாரு. நான் உண்டாக்கினது. என் நோட்டில் 104 தான் இருக்கிறது. உன்னைப் பிடிப்பதற்காகவே இரண்டு கூட்டி எழுதினேன். எண்ணியது சரியா என்று நீ அஞ்சலட்டை போட்டபோதும் வேண்டுமென்றேதான் அப்படிப் பதில் எழுதினேன். ஒரிடோ உறையைப் பிரித்து வாசித்தார். ஏழு பேரும் கைதட்டினார்கள். "மன்னிச்சுக்குங்க, நீங்க சொன்னதுதான் நெசம்" என்று அவர் தலை குனிந்தார். தங்கைதானே என்றும் கேட்டார். நான் உறையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எழுதுபொருள் கடை என்று ஒன்றரை வருஷம் அம்மாவிடம் சொன்னாயே. என் வாதத்தை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் கொடுத்தாய்? என்ன கிடைத்தது உனக்கு? கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்தாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி என்ன சொன்னாலும் எழுத்தில் சொல்.

நோரிமிச்சி

---

நெரிமா
டிசம்பர் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

அங்கே பனி விழுந்திருக்கும். நீங்களும் அம்மாவும் நலமா? நான் உடம்பளவில் நலம். இந்தக் கடிதத்தை ஒன்றரை வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

எழுதுபொருள் கடை பொய். நான் 'பத்துத் திசைக் காவலர்கள்' தயாரிக்கும் ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். எந்தக் காவலனால் எது முடியும், எது முடியாது என்று எழுதிவைத்த கோப்புகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. வீட்டுக்குக் கூடச் சொல்லக் கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். உங்களிடம் சொல்ல முடியாமல் ஒவ்வொரு புதன்கிழமையும் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தத் தாளைக் கண்டுபிடித்ததும் பயந்துபோய்ப் பதிலே எழுதவில்லை.

பிப்ரவரியில் ஒரு கூட்டம். இயக்குநர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, "இந்த மணிக்காரன் எதுக்கு இன்னும் இருக்கான்? அடுத்த சண்டையில கும்பலோட கும்பலா முடிச்சிடுங்க" என்றார். உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் அந்த அறையில் அதுவரை வாயைத் திறந்ததே இல்லை. "அவனுக்குக் காது கேக்காது சார், ரெய்கோகுவ அவன் ஜெயிக்கலாம்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 203ஆவது வாரத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அதை எழுதினவர் எப்போதோ போய்விட்டார், இருக்கிற யாருக்கும் நினைவில்லை. "அட, ஆமாய்யா!" என்று இயக்குநர் மேஜையைத் தட்டினார். கும்பலில் ஒரு நொடியில் சாக வேண்டியவனுக்கு ஐந்து மாதக் கதை கிடைத்தது. கொடுத்தது நீங்கள், அண்ணா. உங்கள் பெயரைச் சொல்ல முடியாததுதான் எனக்கு வருத்தம். வட்டத்தில் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதியதைப் படித்துவிட்டு, அன்றைக்கு நான் வேலைக்கே போகவில்லை.

பிறகு ஜூலையில் கேட்டார்கள், "மணிக்கு இன்னும் எத்தன பாக்கி?" கோப்பில் எண்ணிக்கை இல்லை. யாரும் எண்ணியதில்லை. அதனால்தான் உங்களைக் கேட்டேன். 106 என்று உங்கள் கடிதம் வந்ததும், இன்னும் ரெண்டு என்றேன். "அப்ப இதான் அவன் கடைசிச் சண்ட. நாலு இருந்தா வச்சுக்கலாம், அடுத்த வருஷத்துக்கு அவனுக்குக் கதை இருக்கு" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஏனென்றால் நானே நாடாக்களைப் போட்டு மூன்று தடவை எண்ணியிருந்தேன். மூன்று தடவையும் 104 தான் வந்தது. உங்களுக்கு அஞ்சலட்டை போட்டது அதனால்தான். உங்கள் பதில் வந்ததும் என் 104ஐ அடித்துவிட்டு 106 என்று எழுதினேன். எங்கேயோ இரண்டு ஓசை என் காதில் விழாமல் போயிருக்கிறது, உங்கள் காதில் விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமைக்குப் பிறகு சாக்குச் சாக்காகக் கடிதம் வருகிறது. வாரம் வாரியாகப் பட்டியல் போட்டு, 104 தான், மணி இரண்டு அடி முன்னாலேயே உடைந்துவிட்டது, ஷோமெய்யை அநியாயமாகக் கொன்றுவிட்டீர்கள் என்று எழுதுகிறார்கள். இன்று காலை கூட்டத்தில் "யாரு எண்ணுனது?" என்று கேட்டார்கள். நான் என்று சொல்லியிருந்தால் திட்டோடு போயிருக்கும். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. "எங்க அண்ணன் எண்ணுனாரு. அவரு எண்ணுனா தப்பாகாது. கடிதம் எழுதுறவங்கதான் ரெண்ட விட்டிருப்பாங்க" என்றேன்.

"வெளியாளக் கேட்டியா?" என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து வைத்தார்கள். வருஷக் கடைசியோடு வர வேண்டாம் என்கிறார்கள். எண்ணிக்கையாவது சரி என்று காட்டினால் யோசிக்கிறேன் என்று இயக்குநர் மட்டும் தனியாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

அதனால் ஒன்றே ஒன்றுதான் வேண்டும், அண்ணா. அந்த இரண்டு அடிகள் எந்த எந்த வாரத்தில் வருகின்றன? நோட்டில் பார்த்து எழுதி விரைவுத் தபாலில் போடுங்கள். உங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னியுங்கள்.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

தங்கை
சிஹாரு

---

ஹச்சினோஹே
டிசம்பர் 21

அன்புள்ள சிஹாருவுக்கு,

ஐந்தாம் தேதி எழுதினேன், ஒன்பதாம் தேதி எழுதினேன், பதினாலாம் தேதி எழுதினேன். இது நான்காவது. உன் வாடகை வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தால் நீ நலமாக இருப்பதாகச் சொல்கிறாள், உன்னைக் கூப்பிடுவதில்லை. நீ நலம் என்று அவள் வாயால் கேட்பதே எனக்கு இப்போது பெரிது. அம்மாவின் முழங்கால் குளிரில் மோசமாகத்தான் இருக்கிறது. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவ ஒன்ன நம்புனது ஒரு குத்தமாடா?" என்று மட்டும் கேட்டாள்.

என் கடிதமும் உன் கடிதமும் வழியில் எதிரெதிரே போயிருக்கின்றன. நான் கைதட்டல் வாங்கியதை நீ படித்த நாளில், நீ எனக்காகப் பேசியதை நான் படித்தேன். எந்த வாரம் என்று கேட்டிருந்தாய். எந்த வாரத்திலும் இல்லை. உனக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது. எண்ணியது நீ, கெடுத்தது நான். ஷோமெய்யைக் கொன்றதும் நான்தான். பதினோரு வருஷம் அவனுக்காகவே வாதாடினவன்.

வட்டத்திலிருந்து விலகிவிட்டேன். அதனால் உனக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரியும். நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். உங்கள் இயக்குநர் முன்னால் நின்று, இவள் எண்ணியது 104, தப்பு எண்ணைக் கொடுத்தவன் நான், வேண்டுமென்றே கொடுத்தேன் என்று சொல்கிறேன். அவர் கேட்பாரோ மாட்டாரோ, சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி மூன்றாம் தேதி காலை 7:38க்கு இங்கே ஏறி, மோரியோகாவில் மாறி, தோக்கியோ உயேனோவுக்கு 11:52க்கு வருகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நேரத்தை மட்டும் எழுதி வைக்கிறேன்.

அண்ணன்
நோரிமிச்சி

---

நெரிமா
1998 புத்தாண்டு (வாழ்த்தட்டை, அம்மாவின் பெயருக்கு)

அன்புள்ள அம்மாவுக்கு,

புது வருஷம் உங்களுக்கு நோயில்லாமல் போக வேண்டும். நான் நலமாக இருக்கிறேன். வேலை வருஷக் கடைசியோடு முடிந்தது, அண்ணன் சொல்லியிருப்பார். கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள், அரிசிப் பணியாரம் வாங்கி வைத்திருக்கிறேன். கிண்ணத்தை எடுத்து நீங்களே பயன்படுத்துங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் தேதி 11:52க்கு உயேனோ வருவதாக அண்ணன் எழுதியிருக்கிறார். நான் போய் நிற்கிறேன். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய், அந்த நேரம் சரிதானா என்று டிக்கெட் ஜன்னலில் கேட்டு, வீட்டுக்காரம்மா போனுக்குச் சொல்லுங்கள். நீங்களே கேட்க வேண்டும், அண்ணனை அனுப்ப வேண்டாம்.

இந்தப் பனியில், இந்த முழங்காலோடு உங்களை நடக்க வைப்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

மகள்
சிஹாரு